பாய்லரை மாத்தப் போறீங்களா? முதல்ல கேஸ் பைப்பைப் பாருங்க! - பிரிட்டனில் வீடு வாங்கியவர்களுக்கு ஒரு கைடு

நம்ம ஊர்ல பாய்லர்னு சொன்னா டீக்கடை பாய்லர்தான் ஞாபகத்துக்கு வரும். கொஞ்சம் பழைய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, கரி போட்டு எரித்த செம்பு வெந்நீர் பாய்லர் நினைவுக்கு வரலாம். ஆனால், பிரிட்டனில் வசிப்பவர்களுக்கு பாய்லர் என்பது வீட்டின் இதயம் மாதிரி. சமையலறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியாகத் தொங்கும் அதுதான் ஷவருக்கு வெந்நீர் தருது. ஒவ்வோர் அறையிலும் இருக்கிற ரேடியேட்டருக்குச் சூடு அனுப்புறதும் அதுதான். ஜனவரி மாசத்துல அது நின்னுபோச்சுன்னா, வீட்டுக்குள்ளேயே ஜாக்கெட்டோடுதான் உட்காரணும்.

ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் என்று நம் மக்கள் அதிகம் வாழும் பகுதிகளில் பழைய வீடுகள் ஏராளம். அப்படி ஒரு வீட்டை ஆசையாக வாங்கியிருப்பீர்கள். உள்ளே இருக்கும் பாய்லருக்கோ இருபது வயசு தாண்டியிருக்கும். மாத்திடலாம்னு முடிவு பண்ணி ரெண்டு மூணு பேரிடம் கொட்டேஷன் கேட்பீர்கள். ஒருத்தர் பாய்லருக்கு மட்டும் விலை சொல்வார். இன்னொருத்தர், "கேஸ் பைப்பையும் மாத்தணும், அதுக்குத் தனி சார்ஜ்" என்பார். 'பில்லை ஏத்துறதுக்காகச் சொல்றாரோ?' என்று சந்தேகம் வருவது இயல்புதான். ஆனால், பல வீடுகளில் அந்த இரண்டாவது ஆள் சொல்வதுதான் சரி. அதை நீங்களே எப்படிச் சரிபார்க்கலாம்னு பார்ப்போம்.

பழசுக்குப் போதும்... புதுசுக்குப் போதாதா?

பல பழைய வீடுகளில் வெந்நீருக்குன்னு தனியாக ஒரு தொட்டி இருக்கும். பாய்லர் அந்தத் தண்ணீரை மெதுவாகச் சூடாக்கி வைக்கும். நம்ம ஊர்ல மெல்லிசான கார்ப்பரேஷன் குழாயில் வரும் தண்ணீர், ராத்திரி முழுக்க ஓடி மாடித் தொட்டியை நிரப்புற மாதிரி. அவசரம் இல்லாத வேலை என்பதால் 15 கிலோவாட் சக்தியுள்ள பாய்லரே போதும். அதுக்கு ஏத்த மாதிரி 15 மி.மீ. செம்பு பைப்பைப் போட்டுட்டுப் போயிருப்பாங்க.

இப்போது பெரும்பாலோர் வாங்குவது 'காம்பி' பாய்லர். இதுல தொட்டியே கிடையாது. குழாயைத் திறந்த அந்த நொடியில் தண்ணீரைச் சூடாக்கித் தரணும். நிமிடத்துக்கு 12 லிட்டர் தண்ணீரின் சூட்டை 35 டிகிரி செல்சியஸ் ஏற்றணும்னா, அதற்கு மட்டும் ஏறத்தாழ 30 கிலோவாட் தேவை. அதாவது, பழைய பாய்லரைப் போல இரண்டு மடங்கு. அந்தச் சக்தி முழுக்க கேஸிலிருந்துதான் வரணும். கேஸ் வரும் பைப் மட்டும் பழைய அளவிலேயே இருந்தால் எப்படிப் போதும்?

வெளியிலிருந்து பார்த்தால் புது பாய்லர் பழசைவிடச் சின்னதாக இருக்கும். அதனால், 'சின்ன மெஷினுக்கு எதுக்குப் பெரிய பைப்?' என்று தோன்றும். பெட்டியின் சைஸை விடுங்க, கிலோவாட்டைப் பாருங்க.

எல்லாம் ஒரு மில்லிபார் கணக்கு!

பிரிட்டனில் வீட்டு கேஸ் பைப்புக்கான தர விதியின் பெயர் பி.எஸ் 6891. அதில் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது ஒரே ஒரு விஷயம்தான். மீட்டரிலிருந்து பாய்லருக்குப் போய்ச் சேர்வதற்குள் கேஸின் அழுத்தம் 1 மில்லிபாருக்கு மேல் குறையக் கூடாது. அதுவும் எப்போது? வீட்டில் உள்ள எல்லா கேஸ் சாதனங்களும் முழு வேகத்தில் ஓடும்போது.

மீட்டரைத் தாண்டும்போது கேஸின் அழுத்தம் 21 மில்லிபார் அளவில் இருக்கணும். ஓடும்போது இரண்டு கூடக் குறைய, அதாவது 19 முதல் 23 வரை இருக்கலாம். பாய்லர் வாசலில் அதைவிட ஒன்று மட்டும்தான் குறையலாம்.

அபார்ட்மென்ட் வாழ்க்கையை நினைச்சுப் பாருங்க. கீழ் வீட்டில் மூணு குழாயைத் திறந்தால், மேல் வீட்டு ஷவரில் தண்ணீர் நூல் மாதிரி வருமே... கேஸிலும் அதே கதைதான். பைப் மெலிசாக இருந்தாலும், நீளம் கூடினாலும், வளைவுகள் அதிகமானாலும் வழியிலேயே அழுத்தம் குறைந்துவிடும்.

வளைவுகளுக்கும் கணக்கு உண்டு. ஒவ்வோர் எல்போவையும், ஒவ்வொரு டீ இணைப்பையும் அரை மீட்டர் பைப்புக்குச் சமமாக எடுத்துக்கொள்வார்கள். மெஷினால் வளைத்த வளைவு என்றால் 0.3 மீட்டர். ஸோ, டேப்பில் அளந்த நீளத்தைவிட கணக்கில் வரும் நீளம் எப்போதுமே அதிகம்.

ஒரு வீட்டைக் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

மீட்டரிலிருந்து பாய்லர் வரை 9 மீட்டர் செம்பு பைப். வழியில் 6 எல்போ. ஆறுக்கும் சேர்த்து 3 மீட்டர். ஆக, கணக்கில் வரும் நீளம் 12 மீட்டர். இந்த நீளத்துக்கு 1 மில்லிபார் இழப்புக்குள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கேஸ் போகும்?

* 15 மி.மீ. பைப்: 1.3 கன மீட்டர்
* 22 மி.மீ. பைப்: 3.9 கன மீட்டர்
* 28 மி.மீ. பைப்: 8 கன மீட்டர்

30 கிலோவாட் காம்பி முழு வேகத்தில் ஓடினால், மணிக்குச் சுமார் 3.2 கன மீட்டர் கேஸ் குடிக்கும். 15 மி.மீ. பைப்பால் அதில் பாதியைக்கூடக் கொடுக்க முடியாது. 22 மி.மீ. என்றால் தாராளம்.

அங்கேயே நிறுத்திடாதீங்க. அதே பைப்பிலிருந்துதான் அடுப்புக்கும் லைன் போகுதுன்னு வைங்க. நான்கு பர்னர் அடுப்புக்கு ஏறத்தாழ 0.9 கன மீட்டர் தேவை. இரண்டும் சேர்ந்தால் 4.1. இப்போது 22 மி.மீ. பைப்பின் 3.9 பத்தாது! அதனால்தான் சில வீடுகளில் மீட்டரிலிருந்து கிளை பிரியும் இடம் வரை 28 மி.மீ. பைப்பும், அதன் பிறகு 22 மி.மீ. பைப்பும் போடுகிறார்கள். ஒருத்தர் அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் பைப் அளவைச் சொன்னால், அவர் முழுக் கணக்குப் போடலைன்னு அர்த்தம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. பாய்லருக்கு நேர் கீழே கடைசித் துண்டு மட்டும் 15 மி.மீ. ஆக இருந்தால் உடனே பதற வேண்டாம். பல பாய்லர்களின் கேஸ் வால்வே அந்த அளவில்தான் வரும். கொஞ்ச நீளத்துக்கு மட்டும் மெல்லிய பைப் என்றால், மொத்தக் கணக்கு 1 மில்லிபாருக்குள் அடங்கிவிடலாம். அதேபோல மீட்டர் பக்கத்திலேயே பாய்லர் இருக்கும் வீடுகளில் பழைய பைப்பே போதுமானதாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. 3 மீட்டர் நீளமுள்ள 15 மி.மீ. பைப் மணிக்கு 2.9 கன மீட்டர் தரும். ஒரு சின்ன பாய்லருக்கு அது போதும். அதனால 'எல்லார் வீட்டுலயும் பைப்பை மாத்தியே ஆகணும்' என்பதும் உண்மையில்லை. கணக்கைக் காட்டச் சொல்லுங்க, அவ்வளவுதான்.

"இந்த பாய்லர் கம்மி பிரஷர்லயும் ஓடும் சார்!"

இந்த வசனத்தைக் கண்டிப்பாகக் கேட்பீர்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கு. இன்றைய பாய்லர்கள் சில, கேஸையும் காற்றையும் தாங்களாகவே சரி விகிதத்தில் கலந்துகொள்ளும். அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் சமாளிக்கும். சில நிறுவனங்கள் தங்கள் கையேட்டிலேயே அதற்கான எல்லையை எழுதியிருக்கும். அப்படியானால், நீங்கள் வாங்கும் அந்த மாடலின் கையேட்டில் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். 'ஓடும்' என்று வாயால் சொல்வது போதாது. பாய்லர் சமாளித்தாலும், அதே லைனில் இருக்கும் அடுப்பு சமாளிக்குமா என்பது தனிக் கேள்வி.

பைப் போதாத வீட்டில் என்ன நடக்கும்? கோடையில் ஒண்ணுமே தெரியாது. குளிர் உச்சத்தில் இருக்கும் ஒரு காலை நேரம். ஒருத்தர் ஷவரில், இன்னொருத்தர் அடுப்பில் இட்லி ஊத்துறாங்க. அப்போதுதான் ஷவர் வெந்நீர் வெதுவெதுப்பாகும், அடுப்புத் தீ சுருங்கும், பாய்லர் எரர் கோடு காட்டி லாக் ஆகும். பாய்லர்தான் பழுதுன்னு நினைச்சு சர்வீஸுக்கு ஆள் வருவார். அவர் பார்க்கும் நேரத்தில் அடுப்பு அணைஞ்சிருக்கும், எல்லாம் சரியாக ஓடும்! குறை பாய்லரில் இல்லை, பைப்பில். சரியில்லாத பைப்பில் மாட்டிய பாய்லருக்கு, வாரன்ட்டி கேட்கும்போதும் சிக்கல் வரும்.

பைப்பை மாத்தாமலே ஒரு வழி இருக்கா?

இருக்கு. வீட்டைச் சூடாக்க மட்டும் என்றால் பல வீடுகளுக்கு 30 கிலோவாட் தேவையே இல்லை. அந்த எண் வருவது உடனடி வெந்நீருக்காகத்தான். வெந்நீர்த் தொட்டி நல்ல நிலையில் இருந்தால் அதை அப்படியே வைத்துக்கொண்டு, 15 அல்லது 18 கிலோவாட்டில் சாதாரண பாய்லரை மட்டும் மாற்றலாம். கேஸ் தேவை குறையும், பழைய பைப்பே போதுமானதாகவும் இருக்கலாம். இரண்டு குளியலறை இருக்கும் வீட்டுக்கு இது இன்னும் வசதி. ஒரே நேரத்தில் ரெண்டு பேர் குளிக்கலாம். தரைக்கு அடியில் பைப் புதைந்திருக்கும் வீடுகளில், உடைத்து மாற்றும் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

பைப் போகும் பாதையும் முக்கியம்!

அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. புதுசாகப் போடும் பைப் எப்படிப் போகுதுன்னும் கவனியுங்க.

* பொருள்: வீட்டுக்குள் செம்பு, ஸ்டீல், அல்லது மஞ்சள் உறை போட்ட நெளிவு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப் போடலாம். தண்ணீருக்குப் போடும் பிளாஸ்டிக் புஷ் ஃபிட் பைப், கேஸுக்குக் கூடவே கூடாது.

* சுவரைத் துளைக்கும் இடம்: பைப் நேரடியாகச் செங்கல்லைத் தொடக் கூடாது. அதற்கென ஒரு உறைக்குழாய் போட்டு, இடைவெளியைச் சரியாக அடைக்கணும். கசிவு வந்தால் சுவருக்குள் கேஸ் தேங்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

* கான்கிரீட் தரை: வெறும் செம்பை சிமென்ட்டில் புதைத்தால் நாளடைவில் அரித்துவிடும். பாதுகாப்பு உறை உள்ள பைப் வேண்டும்.

* கரன்ட் பக்கத்தில்: மின் வயர்களிலிருந்து 25 மி.மீ. தள்ளி, மின் மீட்டர், ஃப்யூஸ் பெட்டி போன்றவற்றிலிருந்து 150 மி.மீ. தள்ளி இருக்கணும்.

* பச்சை மஞ்சள் வயர்: கேஸ் மீட்டரைத் தாண்டியதும் 600 மி.மீ. தூரத்துக்குள் பைப்பில் ஒரு எர்த் வயர் கட்டியிருப்பார்கள். சாதாரண வீடுகளில் பொதுவாக 10 சதுர மி.மீ. வயர். பழைய வீடுகளில் இது இல்லாமலே இருக்கலாம். புது பாய்லர் போடும்போது கேட்டு வாங்கிக்கோங்க.

ஃப்ளாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. வெளிச்சுவர் வழியாகவோ, பொது வராண்டா வழியாகவோ பைப் போனால், கட்டடத்தின் ஃப்ரீஹோல்டரிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். வேலை ஆரம்பிக்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

கேஸ் பைப்போடு சேர்த்து இன்னொரு சின்ன பைப்பும் வரும். 2005 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிதாகப் போடும் கேஸ் பாய்லர் 'கன்டென்சிங்' வகையாகத்தான் இருக்கணும் என்பது பொதுவிதி. புகையில் இருக்கும் நீராவியைக் குளிரவைத்து அந்தச் சூட்டையும் இது பயன்படுத்திக்கொள்ளும். அப்போது சேரும் தண்ணீர் வெளியேற ஒரு வடிகுழாய் வேண்டும். அது வீட்டுக்கு வெளியே மெல்லிசாகப் போனால் குளிரில் உறைந்து பாய்லரையே நிறுத்திவிடும்.

"நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார்... பாதி ரேட்டு!"

வெளிநாட்டில் நம் ஆட்கள் ஒருத்தருக்கொருத்தர் உதவிக்கொள்வது பெரிய பலம். பெயின்ட் அடிக்க, அலமாரி மாட்ட, வீடு மாற்ற... தாராளமாகக் கூப்பிடுங்கள். கேஸ் வேலைக்கு மட்டும் 'கேஸ் சேஃப் ரிஜிஸ்டர்' பதிவு இருக்கான்னு பார்த்த பிறகே கூப்பிடணும். அந்தப் பதிவு இல்லாமல் காசு வாங்கிக்கொண்டு கேஸ் வேலை செய்வது அங்கே சட்டப்படி குற்றம். 2009 ஏப்ரல் 1-ம் தேதியிலிருந்து இந்தப் பதிவேடுதான் நடைமுறையில் இருக்கு. யாராவது 'கோர்கி' கார்டு காட்டினால், அது அதற்கு முந்தைய காலத்துச் சமாசாரம். இப்போது செல்லாது.

பதிவு பெற்றவரிடம் போட்டோவோடு அடையாள அட்டை இருக்கும். முன்பக்கம் லைசென்ஸ் எண்ணும் காலாவதி தேதியும் இருக்கும். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. எந்தெந்த வேலைக்குத் தகுதி என்பது அங்கேதான் இருக்கும். அடுப்புக்கு மட்டும் தகுதி உள்ளவர் பாய்லரைத் தொட முடியாது. எண்ணை அந்தப் பதிவேட்டின் இணையதளத்தில் போட்டால் ஒரு நிமிடத்தில் விவரம் வந்துவிடும். கார்டு கேட்டால் மனசு கஷ்டப்படுவாரோ என்று தயங்காதீங்க. நல்ல இன்ஜினீயர் தானாகவே எடுத்துக் காட்டுவார்.

எதுக்கு இவ்வளவு கெடுபிடி? 1968 மே 16 அன்று லண்டன் நியூஹாமில், ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தின் 18-வது மாடியில், காலையில் டீ போட ஒரு பெண் தீக்குச்சியைக் கிழித்தார். கசிந்திருந்த கேஸ் வெடித்தது. கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். கட்டடத்தின் வடிவமைப்பே பலவீனமானது என்பது விசாரணையில் தெரிந்தது. ஆனால், கேஸ் கசிந்தது எங்கிருந்து தெரியுமா? அடுப்பை இணைத்திருந்த, தரமில்லாத ஒரு பித்தளை நட்டிலிருந்து! ஈஸ்ட் ஹாமும் அதே நியூஹாமில்தான் இருக்கு.

வேலை முடிஞ்சதும் 'தேங்க்ஸ்' சொல்லி அனுப்பிடாதீங்க!

முதலில் கசிவுச் சோதனை. வேலைக்கு முன்பும் பின்பும் கேஸை அடைத்துவிட்டு, அளவுமானியில் அழுத்தம் இறங்குகிறதா என்று இரண்டு நிமிடம் பார்ப்பார்கள். புது பைப்பில் முள் அசையவே கூடாது.

அடுத்தது, ஓடும்போது உள்ள அழுத்தம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எதுவும் ஓடாதபோது அளந்தால், எவ்வளவு மெலிசான பைப்பாக இருந்தாலும் அழுத்தம் அருமையாகத்தான் காட்டும். மூடிய குழாயில் தண்ணீர் அழுத்தம் நல்லா இருக்கிற மாதிரிதான் அது. அதனால் வெந்நீர்க் குழாயை முழுசாகத் திறக்கச் சொல்லுங்க. அடுப்பின் எல்லா பர்னரையும் பற்றவைக்கச் சொல்லுங்க. அப்போது மீட்டரிலும் பாய்லரிலும் என்ன எண் காட்டுதுன்னு பாருங்க. இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றுக்குள் இருக்கணும். மீட்டரிலேயே 19-க்குக் கீழே இருந்தால், உங்கள் இன்ஜினீயர் மீட்டரின் சீலை உடைத்து முடுக்கக் கூடாது. கேஸ் வழங்கும் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லணும்.

புகைக்குழாய், காற்றுவரத்து, அழுத்தம் அல்லது கேஸ் அளவு, பாய்லரின் இயக்கம் ஆகியவற்றைச் சரிபார்ப்பது 1998-ம் ஆண்டு கேஸ் பாதுகாப்பு விதிகளின்படி கட்டாயம். யாரும் உங்களுக்குச் செய்யும் சலுகை இல்லை.

பிறகு, பேப்பர்கள். பாய்லர் கையேட்டில் உள்ள 'பெஞ்ச்மார்க்' பக்கத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டிருக்கணும். வாரன்ட்டிக்கு அது அவசியம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புது பாய்லர் பற்றி கவுன்சிலுக்கும் தெரிவிக்கணும். பதிவு பெற்ற இன்ஜினீயரே 'கேஸ் சேஃப்' மூலம் தெரிவித்துவிடுவார். அதற்கான சான்றிதழ் உங்களுக்கு வரும். வீட்டை விற்கும்போது வக்கீல் முதலில் கேட்கும் பேப்பர்களில் அதுவும் ஒண்ணு. பத்திரமா வைங்க.

கார்பன் மோனாக்சைடு அலாரத்தையும் மறந்துடாதீங்க. நிறமும் வாசனையும் இல்லாத விஷவாயு அது. 2022 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் புது பாய்லர் வைக்கும் அறையில் இந்த அலாரம் கட்டாயம். வீட்டில் இருக்கும்போது மட்டும் தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல்... வெளியே போனால் சரியாகிவிடுகிறது என்றால் சாதாரணமாக விட்டுடாதீங்க. பாய்லரை நிறுத்திட்டு வெளியே வாங்க.

வாடகை வீடா? உங்க பாக்கெட்டிலிருந்து வேண்டாம்

படிக்கப் போனவர்களும், புதிதாக வேலைக்குப் போனவர்களும் இதைக் குறிச்சுக்கோங்க. வீட்டு உரிமையாளர் வைத்துக் கொடுத்த பாய்லரையும் கேஸ் பைப்பையும் பாதுகாப்பாக வைத்திருப்பது அவருடைய பொறுப்பு. வருஷத்துக்கு ஒருமுறை கேஸ் சேஃப் இன்ஜினீயரை வைத்து அவர் சோதிக்கணும். அந்தச் சோதனை முடிந்து 28 நாள்களுக்குள் அறிக்கையின் நகல் உங்கள் கைக்கு வரணும். புதிதாகக் குடிபோகிறவர்களுக்கு, குடியேறும் முன்பே கொடுக்கணும். கேட்பதற்குச் சங்கடப்படாதீங்க.

கொட்டேஷன் வாங்கும்போது கேட்க வேண்டிய 6 கேள்விகள் (ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கோங்க!)

1. மீட்டரிலிருந்து பாய்லர் வரை பைப் நீளத்தையும் எல்போக்களையும் எண்ணிப் பார்த்தீர்களா?
2. அடுப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டீர்களா? எந்த இடம் வரை எந்த சைஸ் பைப்?
3. பைப் மாற்றும் செலவு இந்த விலையில் அடக்கமா? இல்லையென்றால் எவ்வளவு?
4. பைப் எந்த வழியாகப் போகும்? சுவரையும் தரையையும் உடைத்தால் பூசித் தருவீர்களா?
5. எல்லாம் ஓடும்போது அழுத்தத்தை அளந்து எழுதித் தருவீர்களா?
6. உங்கள் கேஸ் சேஃப் எண் என்ன?

இந்த ஆறுக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகு விலைகளை ஒப்பிடுங்கள். முதலில் மலிவாகத் தெரிந்தது, பைப் செலவைச் சேர்த்ததும் அப்படியே மாறிப்போகலாம். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்து தங்கியிருக்கும் வீடாக இருந்தால், அவர்களுக்கும் இரண்டு விஷயங்களைச் சொல்லி வைங்க.

ஒன்று, மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் அவசர வால்வ். கைப்பிடி பைப்புக்குக் குறுக்காக இருந்தால் கேஸ் நின்றுவிட்டது என்று அர்த்தம். இன்னொன்று, கேஸ் வாசனை வந்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல், தீக்குச்சி கிழிக்காமல், ஜன்னலைத் திறந்து, வால்வை அடைத்து, வெளியே வந்து போன் செய்ய வேண்டிய எண். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் ஒரே எண்தான்: 0800 111 999. 24 மணி நேரமும் எடுப்பார்கள். இப்பவே எல்லாருடைய போனிலும் சேவ் பண்ணிடுங்க!